மௌனத்தை நாடிய பணிப்பெண்

இரத்தக்காட்டேரியைக் காதலிக்கும் பெண்ணின் கதையையா இந்த ஏட்டில் திறனாய்வது என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அத்தயக்கம் எனக்கும் இருந்தது. என் அண்ணன் மகள் இரவுப் பணியில் அமர்ந்து, தொலைபேசி வழியே அமெரிக்க வாடிக்கையாளரின் குறைகளைக் கேட்டு மறுமொழி கூறுபவள். பணிக்குச் செல்லும் வண்டியில் படிப்பதற்காக அவள் பையில் எப்போதும் இரண்டு நூல்கள் இருக்கும். "சித்தப்பா, இது சிரிக்க, அது மறக்க" என்று சொல்லி இரண்டையும் என்னிடம் கொடுத்தாள். சிரிப்பதற்கென அவள் வைத்திருந்தது ஸ்டீவ் டப்லானிகாவின் 'வெயிட்டர் ரான்ட்' (2008). மறப்பதற்கென வைத்திருந்தது ஷார்லெய்ன் ஹாரிஸின் 'டெட் அன்டில் டார்க்' (2001). இரண்டையும் முடித்தபோது, அவள் இட்ட பெயர்கள் இடம் மாறியிருக்க வேண்டுமோ என்ற ஐயம் எனக்கு எழுந்தது.

ஹாரிஸின் நாயகி சூக்கி ஸ்டாக்ஹவுஸ், லூசியானா மாநிலத்தின் கற்பனைச் சிற்றூர் ஒன்றில் மதுக்கூடப் பணிப்பெண். பிறர் மனத்தில் ஓடுவதெல்லாம் அவள் காதில் விழும். இதை அவள் வரமாகக் கருதவில்லை. ஊனம் என்றே சொல்கிறாள். ஒவ்வொரு மேசையிலும் கோப்பையை வைக்கும்போது, வாய் கேட்கும் பானம் ஒன்று, மனம் பேசும் பேச்சு வேறொன்று. அவளைப் பற்றிய இழிவான எண்ணங்களும் அவற்றில் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முகத்தில் புன்னகையை இழுத்துப் பிடித்து நிற்கிறாள். ஊராரோ அவளை அறிவு மட்டானவள் என்று எண்ணுகின்றனர்.

ஜப்பானியர் செயற்கை இரத்தம் உருவாக்கிவிட்டதால் இரத்தக்காட்டேரிகள் வெளிப்படையாக நடமாடத் தொடங்கிவிட்டன என்பது கதையின் அடித்தளம். அவ்வாறு வெளிவந்தவர்களுள் ஒருவனும், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரனுமான பில், ஓர் இரவு அவளுடைய மேசையில் வந்து அமர்கிறான். அவன் உள்ளத்திலிருந்து ஓர் ஒலியும் அவளுக்கு எட்டவில்லை. அவள் காதல் அங்கேதான் தொடங்குகிறது. அவனது அழகும் அழியா வாழ்வும் பிறகு வருபவை. முதலில் அவளை ஈர்ப்பது அந்த அமைதி. நாளெல்லாம் பிறர் குரலுக்குச் செவிகொடுத்து ஓய்ந்தவளுக்கு, பதில் சொல்ல வேண்டியிராத ஒருவரின் அருகாமை எத்தகைய இளைப்பாறுதல்! இதை மறக்கச் செய்யும் கதை என்று எப்படிச் சொல்வது? பணியின் களைப்பை இவ்வளவு துல்லியமாக நினைவூட்டும் காதல் கதையை நான் வேறு படித்ததில்லை.

இதற்குப் பொருளியல் பின்னணியும் உண்டு. அன்பளிப்புப் பணம் பெறும் ஊழியருக்கு அமெரிக்க முதலாளி நேரடியாகத் தரவேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான். 2009 முதல் பொதுக் குறைந்தபட்சம் 7.25 டாலர், இடைவெளியை வாடிக்கையாளர் மேசையில் வைத்துச் செல்லும் காசு நிரப்ப வேண்டும் என்பதே ஏற்பாடு. லூசியானாவில் தனி மாநிலக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இல்லை. ஆகவே சூக்கி போன்றோரின் புன்னகை வெறும் நற்பண்பன்று, அடுப்பெரிவதற்கான வழி. ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட 'தி மேனேஜ்ட் ஹார்ட்' என்னும் நூலில், உணர்வையே உழைப்பாக விற்க நேரும் இந்நிலையை விரிவாக எழுதியிருக்கிறார்.

டப்லானிகாவுக்கு வருவோம். அவர் முன்னாள் குருமாணவர் என்பது நம் வாசகருக்கு ஆர்வமூட்டும் செய்தி. குருமடத்தை விட்டு வெளியேறி, மனநல மருத்துவத் துறையிலும் வேலைபார்த்து, முப்பது வயதைக் கடந்தபின் உணவகத்தில் பரிமாற வந்தவர். முதலில் பெயரை மறைத்தே எழுதினார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருக்க வேண்டியவர் மேசையருகே நின்று மனிதரின் பலவீனங்களைக் கவனிக்கிறார். வாடிக்கையாளருள் நூற்றுக்கு எண்பது பேர் நல்லவர், எஞ்சியோரே கொடியவர் என்பது அவர் கணக்கு. ஆனால் நூலில் அந்த எண்பது பேருக்குக் கிடைத்த பக்கங்கள் எத்தனை? நல்லவர் உண்டார், பணம் தந்தார், போனார். அதில் கதை இல்லை. இவ்வகை நகைச்சுவை நூல்களின் பொதுக்குறை இது. ஜென் கேம்பெல், புத்தகக் கடைகளில் வாடிக்கையாளர் கேட்ட விந்தைக் கேள்விகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட நூலில் இக்குறை இன்னும் தெளிவு, சிரித்துவிட்டு மூடிவைக்கலாம்.

ஸ்காட்லாந்தின் விக்டவுன் நகரில் பழைய புத்தகக் கடை நடத்தும் ஷான் பைத்தலின் 'தி டைரி ஆஃப் எ புக்செல்லர்' (2017) இவற்றினும் மேலானது. வருவோரை எள்ளி நகையாடும் அவர், ஒவ்வொரு நாள் குறிப்பின் முடிவிலும் கல்லாவில் சேர்ந்த தொகையையும் வந்தவர் எண்ணிக்கையையும் பதிவுசெய்கிறார். குளிர்காலத்தில் அந்த எண்கள் சிறுத்துப் போகும்போது, மேலேயுள்ள கேலி வேறு குரலில் ஒலிக்கிறது. கிண்டில் கருவி ஒன்றைத் துப்பாக்கியால் சுட்டுச் சுவரில் மாட்டிவைத்த மனிதரின் சினம் யார்மீது என்பதும் அப்போது புரிகிறது.

ஒன்றை மறைப்பதற்கில்லை. இந்நூல்களில் வரும் ஒரு பொறுமையற்ற வாடிக்கையாளரிடம் என் சாயலைக் கண்டேன். அண்மையில் ஓர் அலுவலக முகப்பில், தான் செய்யாத தவற்றுக்காக ஓர் இளம்பெண்ணை நான் கடிந்துகொண்டதும், அவள் புன்னகை மாறாமல் நின்றதும் நினைவுக்கு வந்தன. அவள் வீடு திரும்பி என்னைச் சொல்லிச் சிரித்திருந்தால் நான் நோக நியாயமில்லை. சூக்கியோ சிரிப்பதில்லை, அவளால் இயலாது. எதிரே இருப்பவனின் அகந்தைக்குள் ஒளிந்திருக்கும் வெட்கமும் அவள் செவிக்கு எட்டிவிடுகிறதே!

ஹாரிஸின் தொடரைக் குறையற்றது என நான் சொல்லவரவில்லை. பதின்மூன்று நாவல்களில் ஓநாய் மனிதர், சூனியக்காரிகள், தேவதை இனத்தார் என்று கூட்டம் பெருகிப் பிற்பாதி மூச்சுத்திணறுகிறது. இளையோர் கையில் தரக்கூடாத காமப் பகுதிகளும் குருதிக் காட்சிகளும் உள்ளன. எனினும் 2013இல் வெளிவந்த இறுதி நாவலின் முடிவைக் கண்டு வாசகர் பலர் சினந்தபோது, ஆசிரியர் பக்கமே நியாயம் இருந்தது என்பேன். சூக்கி இறுதியில் எந்த இரத்தக்காட்டேரியையும் தேர்ந்தெடுப்பதில்லை. மதுக்கூட உரிமையாளரும், விலங்குருக் கொள்ளும் இயல்புடையவருமான சாமை நோக்கியே திரும்புகிறாள். அவ்வினத்தாரின் மனவொலி அவளுக்கு அரைகுறையாகவே கேட்கும். முழு இரைச்சலுமில்லை, கல்லறையின் முழு மௌனமுமில்லை. முதல் நாவலிலிருந்தே அதே கூடத்தில் அவளோடு உழைத்தவர் அவர்.

என் அண்ணன் மகள் இன்னும் ஏழாம் நூலில்தான் இருக்கிறாள். இக்கட்டுரை இப்போதைக்கு அவள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.