குடும்பப்பெயரும் வம்சமும்

புதுச்சேரித் தமிழர் ஒருவருக்குப் பிரெஞ்சுக் குடும்பப்பெயர் இருந்தால், அவர் முன்னோர் பிரெஞ்சுக்காரர் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை.

1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, பரம்பரை வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் ஒரு குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இவர்களே 'ரெனோன்சான்'கள். பலர் பிரெஞ்சுப் பெயர் எடுத்தார்கள்; சிலர் தமிழ்ப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். 1873-இல் காலணியோடு நீதிமன்றத்தில் வாதாடத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை முறையிட்டு வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பின்னர் 'லாப்போர்த்' ஆனார். 'கதவு' என்று பொருள். அதில் பிரெஞ்சு ரத்தத்தைத் தேடி என்ன பயன்?

சாதிப் பட்டம் உதிர்ந்தது லாபம்தான். ஆனால் தலைமுறைதோறும் தகப்பன் பெயரை முன்னால் ஏந்திவந்த நம் வழக்கம் அங்கே அறுந்தது. சமத்துவம் தந்த ஆணை அதற்கு விலையும் கேட்டது என்பதே என் விமர்சனம்.

கிட்வாய் நகரில் பள்ளிப் படிவத்தின் 'சர்நேம்' கட்டத்தில் நாமும் அப்பா பெயரைத்தான் எழுதுகிறோம். எழுதுங்கள், வேறு வழியில்லை. கூடவே தாத்தா, பாட்டி, ஊர்ப் பெயர்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாளை பேரப்பிள்ளைகள் தேடும்போது அந்த நோட்டுதான் வழி காட்டும்.