தராசடியில் நிற்பவள்

நோர்வேயின் திராமனில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பண்டகசாலையில் பொதி நகர்த்தும் பெல்ட்டின் பாதுகாப்புத் தகடு கழன்று தொங்கியது. எங்களோடு பொதி அடுக்கும் பெண்ணொருவர் பொத்தானை அழுத்தி வேலையை நிறுத்தினார். அவர்தான் நாங்கள் தெரிவு செய்த ‘வேர்னஓம்பூட்’, பாதுகாப்புப் பிரதிநிதி. மேலாளர் வந்தார், என்ன ஏதென்று கேட்டார், திருத்த ஆள் அனுப்பினார். ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. உயிராபத்து என்றால் வேலையை நிறுத்தும் அந்த உரிமையை 1977ஆம் ஆண்டுப் பணிச்சூழல் சட்டமே கொடுத்துவிட்டது.

எனக்கு இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. அப்பா அங்கே ஆசிரியர். விடியற்காலை ஆள் கூட்டும் பெரட்டில் கங்காணி அன்று கொழுந்தெடுக்கும் மலையைச் சொல்வார். பெண்கள் கூடையோடு போவார்கள். பின்னேரம் நிறுவை. தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான். தராசு முள்ளைப் பார்த்தபடி வாய் திறக்காமல் நின்ற முகங்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

கடனால் ஆளைத் தோட்டத்தோடு கட்டிவைத்த துண்டு முறை 1921இல் ஒழிந்தது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளிடம் போயின. துரைமார் மாறினார்கள், பெரட்டு மாறவில்லை.

உடைமையை மாற்றுவதில் கேரளத்தின் மூணாறு இதைவிட வெகுதூரம் போனது. 2005இல் டாடா டீ விலக, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் உருவானது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். பெரும்பகுதிப் பங்கு அவர்களுடையது. துணிச்சலான அடி அது. ஆனாலும் 2015 செப்டம்பரில், போனஸ் 10 சதவீதம்தான் என்றதும், பெரும்பாலும் தமிழரான கொழுந்துப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்ட அண்டவிடாமல் ஒன்பது நாள் இருந்தார்கள். ‘பொம்பிளை ஒருமை’ என்ற அவர்களது கூட்டு 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தது. பங்குப் பத்திரம் லயத்துப் பெட்டியில் இருந்தது. முடிவெடுத்த மேசையில் அவர்கள் குரல் கேட்கவில்லை. பத்து வருட உடைமையால் கிடைக்காத பேச்சு ஒன்பது நாளில் கிடைத்தது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

இலங்கைக் கம்பனிகள் சில இப்போது ஆளுக்கொரு துண்டுத் தேயிலைக் காணியைப் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தை வாங்கிக்கொள்கின்றன. எப்போது எடுப்பது என்று கொழுந்தெடுப்பவளே தீர்மானிப்பது நல்லதுதான். ஆனால் கொழுந்தின் விலையையும் பசளைக் கழிவையும் அவளை உட்காரவைத்துப் பேசாவிட்டால், கங்காணி போய்க் கணக்குப் புத்தகம் வந்த கதையாகிவிடும்.

என்னைக் கேட்டால் நிறுவையில் தொடங்கலாம். கொழுந்தெடுப்பவர்களே தெரிவு செய்த ஒருத்தி, இலங்கையிலும் இந்தியாவிலும், ஒவ்வொரு மலையிலும் தராசடியில் நிற்கட்டும். கழிவு கூடினால் நிறுவையை நிறுத்தும் உரிமை அவளிடம் இருக்கட்டும்.