ஹராரேயின் நட்பு பெஞ்சு: பாட்டியைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

டிக்சன் சிபாண்டாவின் 2017 டெட் உரையை உங்களில் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஜிம்பாப்வேயைச் சேர்ந்த மனநல மருத்துவர். அவரிடம் சிகிச்சையில் இருந்த ஓர் இளம்பெண், ஹராரே வருவதற்கு பஸ் காசு 15 டாலர் இல்லாமல் வீட்டிலேயே இருந்து, கடைசியில் தற்கொலை செய்துகொண்டார். அந்த அடியில் இருந்து பிறந்த திட்டம்தான் நட்பு பெஞ்சு. நோயாளி மருத்துவரைத் தேடி அலையாமல், தன் பேட்டையிலேயே இருக்கும் நகராட்சி க்ளினிக்குக்குப் போனால் போதும். வெளியே ஒரு மர பெஞ்சு, அதில் காது கொடுத்துக் கேட்க ஒரு பாட்டி. 2006-ல் ம்பாரே என்ற ஏழைக் குடியிருப்பில் 14 பாட்டிகளோடு தொடங்கியது.

உரையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதைக் கேட்டவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதில்தான் எனக்குப் பிரச்சனை. நம்ம ஊரில் இதைப் பகிர்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வது: "பாத்தீங்களா, பாட்டிகளுக்குத் தெரியாததா? டாக்டரெல்லாம் எதுக்கு?" வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதையே கொஞ்சம் நாகரிகமாக 'பண்பாட்டுக்கு இசைந்த உளசிகிச்சை' என்று எழுதுகின்றன. இரண்டுமே பாட்டியோடு நின்றுவிடுகின்றன. 2016 டிசம்பரில் 'ஜாமா' இதழில் வந்த ஆய்வுக் கட்டுரையை உட்கார்ந்து படித்தால் வேறு கதை தெரிகிறது.

முதலில் யார் இந்தப் பாட்டிகள்? தெருவில் போய்க்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. நகர சுகாதாரத் துறையின் கீழ் ஏற்கெனவே வேலை பார்த்துவந்த சமூக சுகாதாரப் பணியாளர்கள் அவர்கள். வீடு வீடாகப் போய்ப் பழகியவர்கள். அவர்களுக்குத் தனிப்பயிற்சி கொடுத்தார்கள். மேலே மேற்பார்வையாளர்கள் இருந்தார்கள். சிக்கலான ஆள் வந்தால் யாரிடம் அனுப்புவது என்ற வழி முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. எங்கள் துறையில் முதல் நிலை சப்போர்ட் ஆள் டிக்கெட்டை எப்போது மேலே தள்ள வேண்டும் என்று எழுதி வைப்போமே, கிட்டத்தட்ட அதுதான். அந்த ஏணியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு நல்ல மனுஷியும் ஒரு பெஞ்சும்தான்.

அடுத்து, சிகிச்சை முறை. இது ஷோனா மக்களின் மரபு வைத்தியம் இல்லை. 'பிரச்சனை தீர்க்கும் சிகிச்சை' என்று அமெரிக்காவில் 1970-களில் உருவான முறைதான் அடிப்படை. வந்தவர் தன் பிரச்சனைகளைச் சொல்லணும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும், செய்யக்கூடிய ஒரு தீர்வை அவரே யோசிக்கணும், போய்ச் செய்துவிட்டுத் திரும்ப வரணும். மொத்தம் ஆறு அமர்வுகள் வரை. சட்டகம் இறக்குமதி, சொற்கள் உள்ளூர். முதல் கட்டத்தின் பெயர் 'குவுரா ப்ஃபுங்வா', மனதைத் திறப்பது. அப்புறம் தூக்கிவிடுவது, அப்புறம் வலுப்படுத்துவது.

என்னை ரொம்ப ஈர்த்தது நோயின் பெயர். மனச்சோர்வு என்ற சொல்லைப் பாட்டிகள் பயன்படுத்துவதில்லை. 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள். ஷோனாவில் 'குஃபுங்கா' என்றால் யோசிப்பது. 'இசிசா' என்பது வினையோடு ஒட்டி 'மிகையாக' என்ற பொருள் தரும் விகுதி. ஆக, அளவுக்கு மீறி யோசிப்பது. "ரொம்ப யோசிக்காதே, உடம்பு கெட்டுடும்" என்று சொல்லி வளர்ந்த நமக்கு விளக்கவே வேண்டாம். இந்தச் சொல்லையும் யாரோ பாட்டி போகிறபோக்கில் எடுத்துக் கொடுத்துவிடவில்லை. 1990-களில் விக்ரம் படேல் ஹராரேயில் இருந்தபோது, க்ளினிக் செவிலியர்களும் மரபு வைத்தியர்களும் அடையாளம் காட்டிய நோயாளிகளிடம் பேசி, அவர்கள் துன்பத்தை எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்று தொகுத்து, 14 கேள்விகள் கொண்ட ஷோனா வினாநிரலைக் குழுவாக உருவாக்கினார்கள். 1997-ல் வெளியானது. பெஞ்சு வருவதற்கு ஒன்பது வருடம் முன்னால்! பண்பாட்டு இசைவு என்று எதையாவது சொல்வதென்றால் இந்தச் சலிப்பூட்டும் வேலையைத்தான் சொல்வேன். இதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

இன்னொன்று, பெஞ்சின் பெயர். ஆரம்பத்தில் 'மனநல பெஞ்சு' என்றுதான் வைத்தார்கள். யாரும் உட்கார வரவில்லை. பெயரை மாற்றச் சொன்னவர்கள் பாட்டிகள். 'சிகாரோ செகுபனமசானோ', யோசனை பரிமாறிக்கொள்ளும் பெஞ்சு என்று ஆனது. பாட்டிகளின் உண்மையான பங்களிப்பு இந்த மாதிரி இடங்களில் இருக்கிறது. அவர்களுடைய அன்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவர்களுடைய தீர்ப்பைப் பற்றி எழுதுவது குறைவு.

இப்போது எண்கள். 24 க்ளினிக்குகள், 573 பேர். ஆறு மாதம் கழித்து, 14-க்கு எடுத்த அந்த வினாநிரல் மதிப்பெண் பெஞ்சுக்கு வந்தவர்களிடம் சராசரி 3.81, மற்றவர்களிடம் 8.90. பெரிய வித்தியாசம், சந்தேகமே இல்லை. ஆனா இது எதை நிரூபிக்கிறது? ஒப்பீட்டுக் குழுவுக்குக் கிடைத்தது க்ளினிக்கின் வழக்கமான கவனிப்பு, கொஞ்சம் மேம்படுத்தியது. ஆறு அமர்வு உட்கார்ந்து கேட்க அவர்களுக்கு ஆள் இல்லை. எனவே வேலை செய்தது பாட்டியின் வயதா, ஷோனாச் சொற்களா, பிரச்சனை தீர்க்கும் முறையா, அல்லது ஒரு மனிதர் நேரம் ஒதுக்கிக் கேட்டதா என்று இந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்லவே முடியாது. முப்பது வயதுப் பணியாளரை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 'பண்பாடு குணப்படுத்தியது' என்று எழுதுகிறவர்கள் கட்டுரையில் இல்லாததை எழுதுகிறார்கள்.

பங்கேற்றவர்களில் 86 சதவீதம் பெண்கள். சுமார் 42 சதவீதம் எச்.ஐ.வி உள்ளவர்கள். இவர்கள் யோசித்து யோசித்துத் தூங்காமல் கிடப்பதற்குக் காரணம் மனதுக்குள் மட்டும் இல்லை. வாடகை, வேலை, கணவன், மருந்து. இந்த இடத்தில் திட்டத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். பணக் கஷ்டத்தை அது 'அறிகுறி' என்று ஒதுக்காமல் பிரச்சனை என்றே எடுத்துக்கொள்கிறது. அமர்வுகள் முடித்த பெண்கள் சேரும் குழுவில் பழைய பிளாஸ்டிக்கை வைத்துப் பை பின்னி விற்கிறார்கள். பேச்சும் நடக்கிறது, நாலு காசும் வருகிறது.

ஆய்வில் யாரைச் சேர்க்கவில்லை என்பதையும் பார்க்கணும். தற்கொலை நோக்கம் வெளிப்படையாக உள்ளவர்கள், சைக்கோசிஸ் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகி மூன்று மாதம் ஆகாதவர்கள் எல்லாம் வெளியே. ஆய்வு நெறிப்படி இது சரிதான். ஆனால் உரையின் தொடக்கத்தில் வரும் அந்த இளம்பெண், தன் கடைசி நாட்களில் இந்த ஆய்வில் சேர்ந்திருக்கவே முடியாது. அவரை மேலே, ஒரு மருத்துவரிடம்தான் அனுப்பியிருப்பார்கள். அந்த மருத்துவரும், அங்கே போக 15 டாலரும் இன்னும் தேவைதான். "டாக்டர் எதுக்கு" என்று பகிர்கிறவர்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்த ஒரு பத்தியை.

பெஞ்சு இப்போது ஊர் ஊராகப் போகிறது. நியூயார்க்கில் வைத்தபோது பாட்டிகளுக்குப் பதில், தாங்களே மனநலச் சிக்கலையோ போதைப் பழக்கத்தையோ கடந்து வந்தவர்களை உட்கார வைத்தார்கள். அது எனக்குச் சரியாகவே படுகிறது. அந்த ஊர்க்காரர் யாரிடம் மனம் விடுவார் என்று யோசித்திருக்கிறார்கள். 2022-ல் கத்தார் கால்பந்து உலகக் கோப்பையின்போதும் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு பெஞ்சுகள் வைத்தார்கள். ஆடும் அணிக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, 32.