நாஷ் விழுங்காத மாத்திரை

'எ பியூட்டிஃபுல் மைண்ட்' பார்த்திருப்பீர்கள். 2001-ல் வந்து சிறந்த படம் உட்பட நாலு ஆஸ்கர் வாங்கியது. கணித மேதை ஜான் நாஷுக்கு ஸ்கிட்சோஃப்ரினியா, தமிழில் மனச்சிதைவு. ரஸல் க்ரோ பிரமாதம். சமீபத்தில் மறுபடி பார்த்தபோது ஒரே ஒரு வசனம் உறுத்தியது.

நோபல் கொடுப்பதற்கு முன், ஆள் எப்படி இருக்கிறார் என்று நோட்டம் பார்க்க ப்ரின்ஸ்டனுக்கு ஒருவர் வருவார். அவரிடம் நாஷ், புதிய மருந்துகளைச் சாப்பிட்டு வருவதாகச் சொல்வார். காட்சி நடக்கும் வருஷம் 1994. நிஜ நாஷ் மாத்திரையை நிறுத்தியது 1970-ல்! அப்புறம் தொடவே இல்லை.

திரைக்கதை எழுதிய அகிவா கோல்ட்ஸ்மன் இதைத் தெரியாமல் செய்யவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு நோயாளிகள் மருந்தை விட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம் என்று நாஷே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கோல்ட்ஸ்மனின் அப்பா, அம்மா மனம் பாதித்த குழந்தைகளுக்கு இல்லம் நடத்தியவர்கள். அந்தக் கஷ்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவரின் பயம்.

பயத்தில் நியாயமும் இருக்கிறது. 2012-ல் 'லான்செட்' இதழில் 65 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் நோய் திரும்பியது 27 சதவீதம் பேருக்கு. வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64. நாஷ் ஒரு விதிவிலக்கு. அவரைப் பார்த்து உங்கள் வீட்டுப் பையன் மாத்திரையைக் குப்பையில் போட்டால் அவன் நாஷ் ஆகிவிட மாட்டான்.

என் சண்டை வேறு. இந்த ஒரு வசனம், படத்தின் மிக நேர்மையான பகுதியைக் காலி பண்ணிவிடுகிறது. நடுவில் பாருங்கள். மாத்திரை சாப்பிடும் நாஷுக்குக் கணக்கு வராது. மனைவியை நெருங்க முடியாது. அதனால் மாத்திரையை ஒளித்துவைப்பார். பிரமைகள் திரும்பிவிடும், கைக்குழந்தையைக் குளியல் தொட்டியில் விட்டுவிடுவார், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். மாத்திரை ஏன் கசக்கிறது, ஏன் வேண்டியிருக்கிறது, இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டிய படம் வேறு எனக்குத் தெரியாது. கடைசியில் 'புது மருந்து' என்று சொன்னதும் அத்தனை அவஸ்தையும் ஏதோ பழைய சரக்கின் குற்றம் மாதிரி ஆகிவிடுகிறது.

புது மருந்தின் கதை என்ன? 2008-ல் அமெரிக்காவில் 8 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. ஓலன்ஸபின், ரிஸ்பெரிடோன் என்ற இரண்டு புதுசு, மோலிண்டோன் என்ற ஒரு பழசு. எட்டு வாரத்தில் பழசு பலனில் சளைக்கவில்லை. எந்த மருந்தும் பாதிப் பேருக்கு மேல் கேட்கவும் இல்லை. ஓலன்ஸபின் எடுத்தவர்கள் அந்த எட்டு வாரத்திலேயே சராசரி ஆறு கிலோ ஏறியதால் அந்த மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஒரு வருஷம் முழுக்க முதலில் கொடுத்த மருந்திலேயே நீடித்தவர்கள் சுமார் 12 சதவீதம்.

பதினாறு வயசில் ஆறு கிலோ என்றால் என்னவென்று அந்த வயசுப் பிள்ளையைக் கேளுங்கள். பசி அடங்காது, வகுப்பில் தூக்கம், கூடப் படிக்கிறவர்களின் கிண்டல் வேறு. 'சாப்பிட்டாயா, வாயைத் திற' என்று தினமும் நிற்கிற அம்மாவுக்கும் இது தெரியும். 'புது மருந்து, சரியாயிடும்' என்று சினிமா சொல்வதால் அவர்கள் இருவருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதில் வேடிக்கை, கோல்ட்ஸ்மனுக்கு வேண்டிய கதை நாஷ் வீட்டிலேயே இருந்தது. அவர் மகனுக்கும் பதின்வயதில் இதே நோய் வந்தது. மாத்திரையை விட்டு மெல்லத் தேறிக்கொண்டிருந்த அப்பா, நோயில் விழுந்த பிள்ளை, இரண்டு பேரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்ட அலிசியா. சில்வியா நாஸரின் 1998 புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. படத்தில் மகனின் நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.