மோட்டார் ஓடமாட்டேங்கு, அண்ணாச்சி

சாகுபுரத்தைச் சுற்றிலும் உப்பளம்தான். இங்குள்ள டிசிடபிள்யூ ஆலை காஸ்டிக் சோடா எடுப்பதே உப்புக் கரைசலிலிருந்துதான். பாத்திக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் வேண்டும். மோட்டார் நின்றால் அன்றைய வேலை நின்றது. அதனால் ஆறுமுகநேரிப் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு விடிந்ததும் விடியாததுமாக வரும் போனில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: "அண்ணாச்சி, மோட்டார் ஓடமாட்டேங்கு."

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இதற்குப் பதில் சொல்லவே மாட்டார். திருப்பிக் கேட்பார்: "சத்தமே இல்லையா தம்பி? இல்ல, சுத்தாம உறுமுதா? இல்ல, ஓடியும் தண்ணி வரலையா?" மூன்றும் மூன்று கோளாறு. சத்தமே இல்லையென்றால் முதலில் கரண்டையும் பியூஸையும் பார்க்க வேண்டும். சுற்றாமல் உறுமினால் மூன்று பேஸில் ஒன்று போயிருக்கலாம். உடனே நிறுத்தாவிட்டால் காயில் கருகிவிடும். நன்றாக ஓடியும் தண்ணீர் ஏறவில்லையென்றால் மோட்டார்மீது குற்றமில்லாமல்கூட இருக்கும். புட்வால்வு ஒழுகி ஏர் பிடித்திருக்கும். போன் செய்தவர் ஒரு நிமிடம் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று காது கொடுத்திருந்தால் இதை அவரே சொல்லியிருப்பார். எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுவது என்று மெக்கானிக்குக்கும் தெரிந்திருக்கும்.

இத்தனைக்கும், அளந்து பேசுவது உப்பளத்துக்குப் புதிதல்ல. "தண்ணி கெட்டியா இருக்கு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டிகிரி பார்க்கும் கருவியை மிதக்கவிட்டு, எத்தனை டிகிரி என்றுதான் சொல்வார்கள். ஏறத்தாழ 25 டிகிரியில் உப்பு விளையத் தொடங்கும். 30-ஐ நெருங்கினால் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். தண்ணீரைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பேசுகிறவர்களே மோட்டாரைப் பற்றிப் பேசும்போது தடுமாறுகிறார்கள். மோட்டாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கணினி உலகில் இதைச் சொல்லித்தரும் முயற்சி கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. புட்டி என்ற மென்பொருளை எழுதிய சைமன் டாத்தம், பிழையை எப்படித் தெரிவிப்பது என்று 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார். கேள்வி கேட்கும் முறை பற்றி எரிக் ரேமண்ட் 2001-இல் வெளியிட்ட கையேடு இன்னும் பரவலாகப் படிக்கப்படுகிறது. என்ன செய்ய நினைத்தாய், என்ன செய்தாய், என்ன நடந்தது என்று பிரித்துச் சொல். திரையில் வந்த வாசகத்தை அப்படியே கொடு. கேட்கும் முன் நீயே தேடிப் பார் என்பவை இத்தகைய வழிகாட்டிகளின் அடிப்படை. இதில் பெரும்பகுதி சரியென்றே நான் நினைக்கிறேன். கோளாறை எழுதத் தொடங்கி, எழுதி முடிப்பதற்குள் விடை தெரிந்துவிட்ட அனுபவம் எனக்குப் பலமுறை உண்டு.

துல்லியம் எவ்வளவு முக்கியம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது தமிழ் எழுத்துருதான். "பைலில் தமிழ் வரல" என்று ஒருவர் போன் செய்தார். எழுத்துரு இல்லை போலும் என்று எண்ணி, ஒரு மணி நேரம் எதையெதையோ நிறுவச் சொன்னேன். கடைசியில் அவர் திரையைப் படம் பிடித்து அனுப்பியபோதுதான் பார்த்தேன்: வரிக்கு வரி கேள்விக்குறி. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று கொள்ளலாம். ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து தெரிந்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய முறையில் தட்டச்சு செய்தது. வாசகம் பத்திரமாக இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுவிட்டது; ஆனாலும் பழைய கோப்புகள் இன்னும் புழங்குகின்றன. வரிசையாகக் கேள்விக்குறி நின்றாலோ, பெரும்பாலும் வழியில் எங்கோ எழுத்தே அழிந்துவிட்டது. அந்தப் பிரதியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. மூலத்தைத் தேடிப் போக வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம் வீணானது அவரால் அல்ல, என்னால். "என்ன தெரியுது?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். இந்தக் கையேடுகளோடு நான் முரண்படும் இடமும் இதுதான். அவை சுமையைக் கேட்பவர் தலையில் ஏற்றுகின்றன. எது முக்கியமான விவரம் என்று தெரிந்தவருக்குப் பாதி விடையே தெரியும். தெரியாதவரிடம் போய் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

"முதலில் நீயே தேடு" என்ற விதி ஆங்கிலம் அறிந்தவருக்குப் பொருந்தும். தமிழில் தேடினால் பல கோளாறுகளுக்கு ஒரு பக்கம்கூடக் கிடைக்காது. திரையில் வரும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. படிக்க முடியாதவர் பயந்துபோய் ஓகே அமுக்கிவிடுகிறார், தடயம் போய்விடுகிறது. அப்படிப்பட்டவர் போனில் கோணல்மாணலாக ஒரு படம் எடுத்து அனுப்பினால் அதைக் குறை சொல்லும் வல்லுநர்கள் உண்டு. அந்தப் படத்தைவிட நேர்மையான சாட்சியம் வேறில்லை.

துல்லியமும் ஏமாற்றும். "கெப்பாசிட்டர் போயிருச்சு, புதுசு என்ன விலை?" என்று தெளிவாகக் கேட்கிறார் ஒருவர். உண்மையில் அவர் வீட்டில் வோல்டேஜ் குறைவு. கண்டதைச் சொல்லாமல் தாம் எடுத்த முடிவை மட்டும் சொன்னதால், கேள்வி எவ்வளவு ஒழுங்கோ அவ்வளவு தூரம் வழி தப்பிவிட்டது.

பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் வினாவை ஆறாகப் பிரித்தார். அறியாமல் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று கேட்பது ஐய வினா. விடையை எட்டாகப் பிரித்தபோது, வினாவுக்கு எதிர் வினா கேட்பதையும் விடைகளில் ஒன்றாகவே வைத்தார். இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நம் மெக்கானிக் செய்வதும் ஏறக்குறைய அதைத்தான். வருகிற அறியா வினாவைத் தன் எதிர் வினாவால் ஐய வினாவாக மாற்றிக் கொடுக்கிறார். மிச்சத்தைக் கேட்டவரே பார்த்துச் சொல்லிவிடுகிறார். விவசாயிகள் போனில் சந்தேகம் கேட்பதற்காக 2004-இல் தொடங்கிய கிசான் கால் சென்டரின் அமைப்பிலும் இந்த நல்ல குணம் உண்டு. மாவட்டம், பயிர், கேள்வியின் வகை என்று கேட்டுப் பதிவு செய்வது போனை எடுப்பவரின் வேலை. தென்னை ஓலை மஞ்சளாகிறது என்றால், அடி ஓலையா குருத்தா என்று அவர் கேட்க வேண்டும். விவசாயி அதை முன்கூட்டியே அறிந்து வர வேண்டியதில்லை.

கடலிலும் இப்படித்தான். புன்னைக்காயலிலிருந்து கடலுக்குப் போகும் படகில் விஎச்எப் ரேடியோ கருவி இருந்தால், ஆபத்தில் அழைக்க வேண்டியது 16-ஆம் சேனல். படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று சொல்ல வேண்டிய வரிசை முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது. பதற்றத்தில் புத்தி வேலை செய்யாது என்பதை அறிந்து, கேட்பவருக்காக உண்டாக்கிய ஒழுங்கு அது. கேட்கத் தெரியவில்லை என்று யாரையும் கரையில் நிறுத்திவைக்கும் ஒழுங்கல்ல.

ஆனால் ஒரு குறை கேட்பவர்களுடையதுதான். வேலை முடிந்ததும் என்ன ஆயிற்று என்று பலர் சொல்வதில்லை. அதனால் உதவியவர் தன் ஊகம் சரியா தவறா என்று அறியாமலே போகிறார். ஒருநாள் சாயங்காலம் நான் அந்த மெக்கானிக்கின் கடையில் இருந்தபோது ஒரு போன் வந்தது. காலையில் கேட்ட பையன்தான்.

"அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரி புட்வால்வுதான். சரியாயிருச்சு."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வாஷர் தேஞ்சிருந்துச்சா தம்பி, நடுவுல கல்லு மாட்டியிருந்துச்சா?"