அணைத்தாலும் அணையாத ரிலே

மிளகாய் உலர்த்தும் பெட்டியில் பழைய ரிலே இருந்தவரை ராத்திரி முழுக்கப் பல்லி கத்துவதுபோல் டக், டக். கன்ட்ரோலர் 2 நொடிக்கு ஒருமுறை ஹீட்டரைப் போட்டு அணைத்தால் மணிக்கு 1,800 தடவை. சாதாரண ரிலேக்குச் சொல்லப்படும் ஆயுளே சுமார் ஒரு லட்சம் தடவைதான். 60 மணி நேரத்தில் முடிகிற கணக்கு. முடிந்தது.

அதனால் சாலிட் ஸ்டேட் ரிலேக்கு மாறினேன். உள்ளே அசைகிற பாகமே கிடையாது. கன்ட்ரோலர் பக்கம் ஒரு குட்டி எல்இடி எரிய, அந்த வெளிச்சத்தில் மறுபக்கத்து ட்ரையாக் விழித்துக்கொள்கிறது. 12 வோல்ட்டுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே கம்பி இல்லை, வெளிச்சம் மட்டும்தான். மற்ற விவரமெல்லாம் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

என் சண்டை அதன் ‘ஆஃப்’போடுதான். ஆஃபில் இருக்கும்போதும் சில மில்லிஆம்பியர் கசியும். ஹீட்டர் அதைச் சட்டை செய்யாது; சோதனைக்கு மாட்டிய எல்இடி பல்போ அணைத்த பிறகும் மின்மினியாய் மினுங்கியது. டெஸ்டரை வைத்தால் அதுவும் எரிகிறது. “அண்ணே, இது ஆஃபா இல்லையா?” என்றார் எலக்ட்ரீஷியன் தம்பி. “எம்சிபியை இறக்காம தொடாதே” என்றேன்.

இதைவிட மோசம், செத்தால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே சாகும். முதலில் வாங்கியது மலிவு ரகம், ஸ்டிக்கரில் 25 ஆம்பியர். என் 2 கிலோவாட் ஹீட்டர் இழுப்பது 9 ஆம்பியருக்குள்தான். ஆனால் ஓடும் ஒவ்வொரு ஆம்பியருக்கும் ஒரு வாட்டுக்கு மேல் ரிலேக்குள்ளேயே சூடாகிறது. மொத்தம் பத்து, பதினோரு வாட். சின்ன சால்டரிங் அயர்னில் பாதி. அதை ஹீட் சிங்க் இல்லாமல் மரப்பலகையில் திருகியது என் புத்திசாலித்தனம். பத்தாம் நாள் நடுராத்திரி வீடே இருமியது. 60 டிகிரியில் நிற்க வேண்டிய பெட்டி 110-இல். கன்ட்ரோலர் பாவம், ஹீட்டரை எப்போதோ அணைத்துவிட்ட நினைப்பில் இருந்தது. மிளகாய் கரி.

இரண்டாவதை நல்ல கம்பெனியில், விலையைக் கேட்டு ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துத்தான் வாங்கினேன். உள்ளங்கை அகல அலுமினிய ஹீட் சிங்க், இடையில் மெலிசாகத் தெர்மல் பேஸ்ட். மூன்று மாதமாகச் சத்தமில்லை, வெப்பம் ஒரு டிகிரிகூட அலையவில்லை. ஆனாலும் அதை நம்பி மட்டும் தூங்குவதில்லை. வரிசையில் ஒரு கான்டாக்டர் போட்டு, 75 டிகிரியில் அதை விடுவிக்கத் தனி தெர்மோஸ்டாட் வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஒரு டக், காலையில் ஒரு டக்.