கரையில் நின்றோரும் கடலுள் மூழ்கியோரும்
ஸ்டைன்பெக்கின் இரு நூல்கள் பற்றிய ஒரு திறனாய்வு

மெக்சிகோ நாட்டின் வடமேற்கில், பாகா கலிபோர்னியா என்னும் நீண்ட தீபகற்பத்திற்கும் பெருநிலத்திற்கும் இடையே கிடக்கும் நீர்ப்பரப்பு, கலிபோர்னியா வளைகுடா என்றும் கோர்ட்டெஸ் கடல் என்றும் இருபெயரால் வழங்கும். விடுமுறையைக் கழிக்க இந்நாளில் அங்குச் செல்வோர் பலர். லா பாஸ் நகரில் தங்கிக் காலையில் படகேறி, எஸ்பிரித்து சாந்தோ தீவை அடைந்து, முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து நீந்தி, கடற்சிங்கங்களை அருகிருந்து கண்டு, மாலையில் கரை மீள்வர். காற்றுக்கலன் சுமந்து ஆழத்தில் இறங்குவோரும் உளர். அக்கடலைப் பற்றி எழுந்த ஆங்கில நூல்களுள் பெரிதும் பேசப்படுவன இரண்டு. இரண்டும் ஜான் ஸ்டைன்பெக் (1902–1968) எழுதியவை. ஒன்று, 'கோர்ட்டெஸ் கடல்' என்னும் பயண நூல். மற்றொன்று, 'முத்து' என்னும் குறுநாவல்.

'முத்து' ஒரு நீதிக்கதை என்பதும், 'உள்ளது போதும் என்றிரு' என்பதே அது கூறும் நீதி என்பதும் கற்போர் பலர் கொண்ட கருத்து. ஏழை ஒருவன் பெரும்பொருள் பெற்றான்; அதனால் கேடுற்றான்; பொருளை எறிந்து பழைய வாழ்வுக்கு மீண்டான் என்று கதையைச் சுருக்கி உரைப்பார்க்கு அக்கருத்துத் தோன்றுதல் இயல்பே. ஆயினும் அது நூலின் கருத்து அன்று. முன்னது கரையில் நின்று கண்டவர் நூல் என்பதும், பின்னது கடலுள் மூழ்குவான் ஒருவனின் பக்கம் நின்று எழுதப்பட்டது என்பதும் தெளிவாயின் அக்கருத்து நில்லாது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல்களின் தோற்றம்

1940ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஸ்டைன்பெக்கும் அவர்தம் நண்பரும் கடலுயிர் ஆராய்ச்சியாளருமான எட்வர்டு ரிக்கெட்சும் (1897–1948) 'வெஸ்டர்ன் ஃப்ளையர்' என்னும் மீன்பிடிக் கப்பலை வாடகைக்கு அமர்த்தி, மாண்டெரே துறைமுகத்தினின்று புறப்பட்டனர். ஏறத்தாழ ஆறு வாரம் அப்பயணம் நடந்தது. கடல்நீர் வற்றும் பொழுதை எதிர்நோக்கி ஒவ்வொரு துறையிலும் நங்கூரம் இடுவர். நீர் வற்றியதும் கரையோரப் பாறைகளுக்கிடையே இறங்கி, நண்டு, நத்தை, கடல் விண்மீன், கடல் வெள்ளரி முதலியவற்றைத் திரட்டுவர். நீர் ஏறியதும் கப்பலுக்கு மீள்வர். இவ்வாறு 500க்கும் மேற்பட்ட உயிரினங்கள் திரட்டப்பட்டன. இப்பயணத்தின் விளைவாக, பயணக் குறிப்பும் உயிரினப் பட்டியலும் கொண்ட பெருநூல் 1941இல் வெளிவந்தது. ரிக்கெட்ஸ் மறைந்த பின், 1951இல், பட்டியல் நீக்கப்பட்டு, அவரைப் பற்றிய நினைவுரை ஒன்று சேர்க்கப்பட்டுப் பயணக் குறிப்பு மட்டும் தனிநூலாயிற்று.

லா பாஸ் நகரைப் பற்றிய பகுதியில், அவ்வூரில் வழங்கிய கதை ஒன்றை இப்பயண நூல் பதிவு செய்கிறது. 'முத்து' நாவலுக்கு வித்து அதுவே. நாவல் 1945இல் ஓர் இதழில் வெளிவந்து, 1947இல் நூல் வடிவம் பெற்றது.

ஈண்டுக் கருதத்தக்க வரலாற்றுச் செய்தி ஒன்று உண்டு. 1903இல் கஸ்தோன் விவெஸ் என்பார் எஸ்பிரித்து சாந்தோ தீவில் முத்துச்சிப்பி வளர்க்கும் பண்ணை ஒன்றை நிறுவினார். 1914இல், மெக்சிகோப் புரட்சியின்போது, அஃது அழிக்கப்பட்டது. இயற்கைச் சிப்பிப் பார்களும் நாளடைவில் வறண்டன. 1940ஐ ஒட்டி முத்துக்குளிப்பை அந்நாட்டு அரசு தடை செய்தது. எனவே, ஸ்டைன்பெக் லா பாஸ் சென்ற காலத்தில் முத்துக்குளிப்பு முடியுந் தறுவாயில் இருந்த தொழில். அவர் கேட்டது, மறைந்துகொண்டிருந்த ஒரு வாழ்வின் நினைவு.

கரையில் நின்றோர் நூல்

பயண நூலின் தலையாய பண்பு, தன் பார்வையின் எல்லையைத் தானே அறிந்திருத்தல். நூல் முழுதும் தன்மைப் பன்மையில், 'நாங்கள்' என்ற நிலையில் இயங்குகிறது. காண்பவன் காணப்படும் பொருளைத் தன் வரவால் மாற்றிவிடுகிறான் என்பதையும், பயணம் செல்வோர் அக்கடலின் ஒரு பகுதியாகி விடுகின்றனர் என்பதையும் நூல் பலவிடத்தும் வற்புறுத்துகிறது. லா பாசில் சிறுவர் பலர் சில்லறைக் காசு பெற்றுக் கடலுயிர்களைத் திரட்டிக் கொணரும் காட்சியில், ஆராய்ச்சியாளரும் வாணிகம் செய்யும் வருகையாளரே என்பது நகையோடு புலப்படுகிறது. புவேர்த்தோ எஸ்கோந்திதோவில் ஊரார் சிலர் அழைக்க, மலையாட்டு வேட்டைக்கு அவர்கள் உடன் சென்றதும் இத்தகையதே. ஆடு அகப்படவில்லை; அதன் புழுக்கையே கிடைத்தது. அதனையே வேட்டையின் நினைவுப் பொருளாகப் போற்றலாம் என்று எழுதுமிடத்து, வேட்டைப் பெருமை பேசும் பயணிகள் அனைவரும் மெல்ல எள்ளப்படுகின்றனர்.

குறையும் இல்லாமல் இல்லை. அப்பயணத்தில் ஸ்டைன்பெக்கின் மனைவி கேரலும் உடன் சென்றார். ஆயினும் அவர் நூலில் ஒரு பாத்திரமாக இடம்பெறவில்லை. 'நாங்கள்' என்னும் சொல் தன்னுள் யாரைக் கொண்டது, யாரை விட்டது என்று வினவாமல் அதன் நேர்மையை முற்றும் புகழ்தல் பொருந்தாது.

இனி, அந்நூல் கூறும் கதை. இந்திய இளைஞன் ஒருவன் பெரியதொரு முத்தைக் கண்டெடுக்கிறான். விரும்பும் அளவு குடிக்கலாம், விரும்பிய பெண்ணை மணக்கலாம், தன் ஆன்மாவுக்கும் முன்னோர்க்கும் வழிபாடு செய்வித்து மறுமை தேடலாம் என்று எண்ணுகிறான். வணிகரிடம் செல்கிறான், எங்கும் ஒரே குறைந்த விலை. பல கைகளாகத் தோன்றும் வணிகர் அனைவரும் ஒரு தலைக்கு உரியவர் என்பதை உணர்கிறான். முத்தைக் கவர வந்தோர் அவனை அடித்தும் வருத்தியும் துன்புறுத்துகின்றனர். இறுதியில் முத்தைச் சபித்துக் கடலில் எறிகிறான், உண்டிக்கும் உறையுளுக்கும் உறுதியற்ற நிலையில், மீண்டும் உரிமையுடையவன் ஆகிறான், நகைக்கிறான்.

கதையை உரைத்த உடனே ஆசிரியர் ஓர் ஐயத்தை எழுப்புகிறார். இவன் அளவு மீறிய அறிவுடையவனாக இருக்கிறான். இது மெய்யாக நிகழ்ந்திருத்தல் கூடும். ஆயினும் நம்ப இயலவில்லை என்பது அதன் சாரம். இவ்வையமே 'முத்து' நாவலின் தோற்றுவாய் என்பது என் துணிபு. நகைத்துக்கொண்டே செல்வத்தை எறியும் ஏழை, விருந்தினனாகச் சென்று திரும்புவோன் கேட்டு மகிழ்தற்கு ஏற்றவன். தன்னினும் வறியவன் தன்னினும் மகிழ்ச்சியுடையவன் என்று கேட்பது பயணிக்கு ஆறுதல் தரும். அவ்வாறுதலை ஸ்டைன்பெக் ஏற்கவில்லை.

கடலுள் மூழ்கியோன் கதை

நாவலில் இளைஞன் கீனோ என்னும் குடும்பத் தலைவன் ஆகிறான். ஹுவானா அவன் மனைவி, கொயோட்டீட்டோ குழந்தை. குழந்தையைத் தேள் கொட்டுகிறது. கொடுக்கப் பொருளின்மையால் மருத்துவன் திருப்பி அனுப்புகிறான். அதன் பின்னரே கீனோ கடலில் இறங்குகிறான். அவன் மூழ்கியது பேராசையால் அன்று, மருத்துவக் கூலிக்காக. ஹுவானாவும் குழந்தை நலம்பெற வேண்டும் என்று வேண்டவில்லை. மருத்துவனுக்குக் கொடுக்க ஒரு முத்துக் கிடைக்க வேண்டும் என்றே வேண்டுகிறாள். ஏழையின் வேண்டுதலும் நேரே செல்ல வழியின்றிப் பொருளின் வாயிலாகச் செல்ல வேண்டியிருத்தலை இச்சிறு குறிப்பு உணர்த்துகிறது.

முத்துக் கிடைத்தபின் கீனோ விரும்புவன எவை? கோயிலில் திருமணம், புத்தாடை, எறிவேல், துப்பாக்கி. அனைத்திற்கும் மேலாக, மகனின் கல்வி. மகன் நூல்களைத் திறந்து படிப்பான். அவன் அறிந்தால் தாங்களும் அறிவர். அவ்வறிவு தங்களை விடுவிக்கும் என்று அவன் கூறுகிறான். பயண நூலின் இளைஞன் விரும்பிய கள்ளும் காமமும் ஈண்டு இல்லை. முத்தை எறிந்ததால் விடுதலை பெற்றான் முன்னவன். எழுத்தறிவால் விடுதலை பெற நினைத்தான் பின்னவன். இம்மாற்றத்தைக் கருதாது இரு கதைகளையும் ஒன்றெனக் கொள்வதே மேற்குறித்த பிழைக் கருத்துக்குக் காரணம்.

இதனினும் வலிய சான்று ஒன்று நாவலுள்ளேயே உண்டு. முற்காலத்தில் முத்துக்குளிப்போர் ஒன்றுகூடி, தலைநகரில் நேரே விற்பதற்கு ஆள் அனுப்பினர், சென்றவர் மீளவில்லை, இருமுறையும் அவ்வாறே முடிந்தது. இச்செய்தியைக் கீனோவின் தமையன் ஹுவான் தோமாஸ் கூறுகிறான். தத்தம் இடத்தை விட்டு நீங்க முயன்றார்க்கு இறைவன் அளித்த தண்டனை அது எனப் பாதிரியார் பொருள் கூறினாராம். அவர் ஆண்டுதோறும் அதனைக் கூறுகிறார் என்கிறான் ஹுவான் தோமாஸ். 'உள்ளது போதும்' என்னும் நீதி கதையின் முடிபாக அன்று, கதைமாந்தர் ஒருவரின் அறிவுரையாகவே நூலில் அமைந்திருத்தலை ஓர்க. அவ்வறிவுரையால் பயன் பெறுவோர் முத்து வணிகர் என்பதை அடுத்து வரும் விலைபேசும் காட்சி விளக்குகிறது. ஆயிரம் பெசோ என்கிறான் ஒருவன்; ஐந்நூறு என்கிறான் மற்றொருவன்; இறுதியில் ஆயிரத்தைந்நூறு என ஏறுகிறது. போட்டி போல் தோன்றும் அது போட்டி அன்று. அனைவரும் ஒருவருக்கே பணியாற்றுவோர். ஓர் அறிவுரையை அதனால் பயன்பெறுவோரோடு சேர்த்துக் காட்டும் நூல், அவ்வறிவுரையையே தானும் போதிக்கிறது என்றல் முரணாகும்.

இறுதிக் காட்சியும் இதனை அரண் செய்யும். குழந்தை துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிறது. பெற்றோர் ஊர் மீள்கின்றனர். முன்னும் பின்னுமாக அன்றி, இருவரும் ஒருவர்க்கு ஒருவர் இணையாக நடக்கின்றனர். முத்தை எறியுமாறு கீனோ மனைவியிடம் நீட்ட, நீயே எறிக என்கிறாள் அவள். எறிகிறான். நகைப்பு இல்லை; விடுதலை என்ற சொல்லும் இல்லை. படிக்க வேண்டிய மகன் இல்லாதபோது முத்தினால் ஆவது ஒன்றுமில்லை. அவன் எறிந்தது மனநிறைவால் அன்று, இழப்பால்.

நாவலின் குறை

இத்துணைச் சிறப்புடைய நாவலிலும் ஒரு குறை உண்டு. கீனோ மூழ்கும் காட்சி மிகச் சிறியது. கல்லைக் கட்டிய கயிறும் கூடையைக் கட்டிய கயிறும் கொண்டு அவன் இறங்குகிறான். இரண்டு மணித்துளிக்கு மேல் மூச்சடக்க வல்லவன் என்கிறார் ஆசிரியர். கடலடியில் அவன் உள்ளத்துள், 'இருக்கக் கூடிய முத்தின் பாட்டு' ஒலிக்கிறது. அழகிய கற்பனையே, ஆயினும் தொழிலின் கடுமை அதனால் மறைகிறது. காதடைப்பு, குளிர், பார்வை மங்கல், நாள் முழுதும் திரும்பத் திரும்ப இறங்கும் சோர்வு ஆகியன அப்பாட்டினுள் ஒடுங்கிவிடுகின்றன. பயண நூலிலோ, முழங்கால் அளவு நீரில் நின்று கண்ட சிறு நண்டும் நுணுக்கமாகக் காட்டப்படுகிறது. ஆசிரியர் தாம் நின்ற இடத்தை நன்கு எழுதினார். தாம் இறங்காத ஆழத்தைப் பாட்டாக்கினார்.

திணைக் கோட்பாட்டின் சொற்களால் கூறுவதாயின், பயண நூலில் முதற்பொருளும் கருப்பொருளும் நிறைந்துள்ளன, உரிப்பொருள் மெலிந்தது. நாவலில் உரிப்பொருள் ஓங்கியது. கருப்பொருளுள் ஒன்றாகிய தொழில் மெலிந்தது. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதலின், இரண்டையும் சேர்த்துக் கற்றல் வேண்டும்; ஒன்றின் கருத்தை மற்றொன்றின்மேல் ஏற்றுதல் கூடாது. பயண நூலை நாவலின் மூலச்சான்றாக மட்டும் கருதி ஒதுக்கும் வழக்கமும் திருந்த வேண்டும்.

முடிவுரை

காற்றுக்கலன் கொண்டு மூழ்கும் கருவியைக் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கியது 1943இல். ஸ்டைன்பெக் பயணம் செய்த நாளில், கண்டு மகிழ்வதற்காகவே ஆழத்தில் இறங்கும் பயணி இன்னும் பெருகவில்லை, இறங்கியவன் தொழிலாளி. இன்று அந்நிலை மாறியது. ஸ்டைன்பெக் குழுவினர் உயிர்களைத் திரட்டிய பவளப்பாறை ஒன்றுள்ள காபோ புல்மோ, 1995இல் தேசியக் கடற்பூங்கா ஆயிற்று. அவ்வூரார் மீன்பிடித்தலை விட்டு, மூழ்க வரும் பயணிகளுக்கு வழிகாட்டலாயினர். 1999க்கும் 2009க்கும் இடையே அங்கு மீன்களின் மொத்த எடை ஏறத்தாழ 460 விழுக்காடு மிகுந்தது என 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

எடுத்து விற்பதற்காக மூழ்கியோரும், கண்டு செல்வதற்காக மூழ்குவோரும், காட்டுவதற்காக மூழ்குவோரும் என மூவகையினரை அக்கடல் இன்று அறியும். முதலாமவனைப் பற்றி நமக்கு ஒரு நாவல் உண்டு. இரண்டாமவனுக்கு முன்னோடியான பயணியைப் பற்றி ஒரு பயண நூல் உண்டு. மூன்றாமவன் ஸ்டைன்பெக்கின் இரு நூல்களுக்கும் அப்பாற்பட்டவன். அக்கரையில் பிறந்து அக்கடலுள் இறங்குவான் ஒருவனே அதனை எழுதும் நாளில், கீனோ தன் மகனுக்கு விரும்பிய கல்வியின் பயன் இன்னதென்பது விளங்கும். அதுவரை, கரையில் நின்று கற்கும் நாம், மூழ்கியவன் எறிந்ததைக் கண்டு அவன் போதுமென்ற மனம் உடையவன் என்று புகழாதிருத்தல் நன்று.